குத்தாலிங்கம் சாம்பாரும் ஊர் நெஞ்செரிச்சலும்

போன வருசக் கொடைச் சாப்பாட்டை எங்க ஊர்ல யாரும் மறக்கல. நெஞ்சு மறக்க விட்டாத்தானே.

எங்க இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழான்னா, மத்தியானம் ஊருக்கே சோறு உண்டு. பல வருசமா சமையல் குத்தாலிங்கம் அண்ணாச்சிதான். எங்க பக்கம் சமையக்காரரைத் தவசுப்பிள்ளைன்னு சொல்லுவோம். தவசுப்பிள்ளைன்னா அவர்தான்னு அவரே சொல்லிக்கிடுவாரு. போன வருசம் அவர் வச்ச சாம்பாரைத் தின்னுட்டு, வில்லுப்பாட்டுக்காரர் பாதிக் கதையில வீசுகோலைக் கீழ போட்டுட்டு சோடா கேட்டாரு. குடம் அடிக்கிறவரு குடத்தை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுப் படுத்துட்டாரு. குளுந்து இருந்துச்சாம்.

அதைவிடப் பெரிய கூத்து சாமியாடிக்கு நடந்தது. கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார்தான் சாமியாடி. அருள் வந்தா அம்மன் மஞ்சத்தண்ணி கேப்பா, தலையில ஊத்துவாங்க. போன வருசம், "மோர் கொண்டாங்கலே!"ன்னு கேட்டா. அம்மன் வாக்கைத் தட்ட முடியுமா? பொம்பளைங்க ஓடிப்போய் குடம் குடமா மோர் கொண்டாந்து அவர் தலையில ஊத்துனாங்க. "ஊத்தாதீங்கலே, குடிக்கக் கேட்டேன்"னு அவர் கத்துனது மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கல.

அதனாலதான் இந்த வருசம் கமிட்டிக்காரங்க கோயில் கொட்டகையில ஜமுக்காளம் விரிச்சு உக்காந்துட்டாங்க. நான் மைக் செட் போடுத ஆவுடையப்பன். சமையல் முடிவாகித்தான் மைக் செட்டுக்கு வருவாங்கன்னு ஓரமா உக்காந்திருந்தேன்.

நயினார் ஒரே வார்த்தையில சொன்னாரு. "ஓய் குத்தாலிங்கம், இந்த வருசமும் நீரே சமையும். ஆனா மொளகா வத்தலைக் கொறைக்கணும். முடியாதுன்னா சொல்லிரும், வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்."

குத்தாலிங்கம் அண்ணாச்சி மூஞ்சி சுண்டிப்போச்சு. சொந்த ஊர் அம்மனே வேண்டாம்னுட்டான்னா சுத்துப்பட்டுல எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? அவர் பொழப்பே இதுலதான் இருக்கு. ஆனா வத்தலைக் கொறைச்சா, தப்பு சாம்பார்லதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. அது அவர் பரம்பரைக்கே ஆகாது.

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நிமுந்து உக்காந்தாரு. "வத்தல்ல ஒரு காம்பு கொறையாது நயினாரே. வத்தல் என்ன பண்ணும், பாவம்? அது செவப்பா இருக்குன்னு எல்லாரும் அது தலையிலயே பழியைப் போடுதிய. நெஞ்செரிச்சல்னா என்னன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியாதா? பட்டவங்கல்லா நாங்க," அப்படின்னான் முப்பிடாதி. ரேஷன்கடையில எடை போடுதவன். எதையும் லேசுல நம்ப மாட்டான்.

"உமக்குப் பட்டதெல்லாம் ஒரு எரிச்சலாவே? கேளும். வயித்துக்கு மேல ஒரு கதவு இருக்கு. சோறு உள்ள போனா அது சாத்திக்கிடும். நீரு தின்ன கையோட போய்ப் படுத்தீருன்னா கதவு தெறந்துக்கிடும். உள்ள கெடக்க புளிச்ச தண்ணி காத்து வாங்க வெளிய வரும். அதுக்கு வத்தல் என்ன செய்யும், குத்தாலிங்கம் என்ன செய்வான்? எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேளுங்க."

யாரும் கேக்கல. அவரே சொன்னாரு.

"இந்தத் தாலுகாவுல எனக்கு வந்த மாதிரி நெஞ்செரிச்சல் எவனுக்கும் வந்ததில்ல. எளவட்டத்துல வந்துச்சு. ஒரு ஏப்பம் விட்டேன்னா எதிர்ல நிக்கிறவன் பீடி பத்திக்கிடும். அந்த நாள்ல நான் சமைக்கப் போனா தீப்பெட்டி கொண்டுபோறதே இல்ல. கூட வந்த ஆளுங்க அடுப்புல வெறகை அடுக்கிட்டு, 'அண்ணாச்சி, வாங்க'ம்பாங்க. குனிஞ்சு ஒரு ஏப்பம். கோட்டை அடுப்பு மொத்தமும் நின்னு எரியும்."

"போன கொடைக்கு எங்கிட்ட வந்து தீப்பெட்டி கேட்டீரே, அது எதுக்கு?" அப்படின்னான் முப்பிடாதி.

"அது குணமானதுக்குப் பொறவுல்லா? குணமானதுல எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்," அப்படின்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் நெசமாவே வருத்தமா இருந்தாரு.

நயினார் நெஞ்சைத் தடவிக்கிட்டே, "எப்படிக் குணமாச்சாம்?" அப்படின்னாரு. அவருக்குப் போன வருச எரிச்சல் இன்னும் மிச்சம் இருந்ததோ என்னமோ.

"அப்படிக் கேளுங்க. மொதல்ல சீரகத் தண்ணி. சீரகத்தை வறுத்து, கொதிக்கவச்சு, ஆறவச்சு ஒரு செம்பு குடிச்சேன். குடிச்சது வயித்துக்குப் போய்ச் சேரல. பாதி வழியிலயே கொதிச்சு, ஆவியாகி, ரெண்டு காது வழியாவும் ஊதிக்கிட்டு வெளிய வந்துட்டு. அன்னிக்கு நான் நின்னது ரயில்வே டேஷன் பக்கம். செங்கோட்டை பாசஞ்சர் வந்துட்டுன்னு நெனச்சு அவ்வளவு சனமும் பையைத் தூக்கிக்கிட்டு பிளாட்பாரத்துக்கு ஓடுது. டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியைக் காட்டிட்டாரு. மனுசன் கொடி காட்டிட்டாரே, மதிக்காம இருக்கக் கூடாதுன்னு, நான் கொஞ்ச தூரம் தண்டவாளத்து ஓரமா ஓடிட்டுத்தான் நின்னேன்."

"ஏறுனாங்களா?" அப்படின்னான் முப்பிடாதி.

"யாரு?"

"பாசஞ்சருக்கு நின்னவங்க. உம்ம மேல."

"வெளாட்டுப் பேச்சு பேசாதயும். நான் வைத்தியம் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அண்ணாச்சி செம்புத் தண்ணியில ஒரு மடக்கு குடிச்சாரு. காதுல ஒண்ணும் வரல.

"பொறவு ஒரு நாட்டு வைத்தியர்ட்ட போனேன். கட்டில் தலைமாட்டுக்குக் கீழ ரெண்டு செங்கல் வைன்னாரு. தலைமாடு ஒசந்திருந்தா புளிச்ச தண்ணி மேல ஏறாது. அது என்ன பனையேறியா? வச்சேன். எரிச்சல் நல்லாக் கொறஞ்சுச்சு. ரெண்டு வச்சதுக்கே இப்படின்னா நாலு வச்சா எப்படி இருக்கும்னு நாலு வச்சேன். அதுக்கும் மேல வச்சேன். செங்கச்சூளைக்காரன் வீட்டு வாசலுக்கே வண்டியை விட்டுட்டான். கடைசியில கட்டில் கால்மாடு வீட்டு முத்தத்துல நிக்கி, தலைமாடு தென்னமரத்து மட்டையில சாஞ்சு நிக்கி. ஏணி போட்டு ஏறித்தான் படுக்கப் போவேன். வீட்டுக்காரி கீழ நின்னு, 'தூங்கிட்டியளா?'ன்னு கூப்பிடுவா. சத்தம் வந்து சேருறதுக்குள்ள நான் தூங்கிருவேன். அங்கேருந்து பாத்தா திருச்செந்தூர் கடல் தெரியும். எந்தத் தோணியில என்ன மீன் கெடக்குன்னு சொல்லுவேன்."

"சுத்த சைவமாச்சே நீரு? மீன் எப்படித் தெரியும்?" அப்படின்னாரு நயினார்.

"திங்கலைன்னா பாக்கக் கூடாதா?"

அண்ணாச்சிக்குத் தெம்பு வந்துட்டு. சம்மணத்தை மாத்திப் போட்டாரு.

"அடுத்தது, இடது பக்கமாப் படுக்கணும். வயித்துப் பை இருக்கது அப்படி. வலது பக்கம் படுத்தா கதவு கீழ வரும், இடது பக்கம் படுத்தா மேல போயிரும். இதை நான் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கே சொல்லிக்குடுத்தேன். சம்பந்தி வீட்டு விருந்தைத் தின்னுட்டு, பஸ்ஸுல ஏறி மலையில வந்துக்கிட்டிருக்கோம். அவ்வளவு பேருக்கும் எரிச்சல். 'எல்லாரும் இடது பக்கமாச் சாயுங்க'ன்னேன். சாஞ்சாங்க. டிரைவரும் சேந்துல்லா சாஞ்சுட்டான். பஸ்ஸு இடது சக்கரத்துல மட்டும் எந்திரிச்சு நின்னுட்டு. வலது சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல சும்மா சுத்துது. எதுக்க ஒரு வைக்கோல் லாரி. ரோட்டுல ஒத்தை வண்டிக்குத்தான் எடம். நாங்க ஒருச்சாஞ்சே அந்த லாரியைத் தாண்டி வந்துட்டோம். மாப்பிள்ளைக்கு முழிப்பே தட்டல. ஊர் வந்து எறங்குனப்போ ஒருத்தனுக்கும் எரிச்சல் இல்ல, கேட்டியளா?"

"பயத்துல நின்னுருக்கும்," அப்படின்னான் முப்பிடாதி.

"எப்படியோ நின்னுச்சுல்லா? அதைச் சொல்லும்."

நயினார் வாட்சைப் பாத்தாரு. நானும் பாத்தேன். அண்ணாச்சி அதைப் பாத்துட்டு அவசரமா அடுத்த கதைக்குத் தாவுனாரு. கைநழுவிப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

"மனுசனை விடுங்க. யானைக்குப் பாத்திருக்கேன் வைத்தியம். ஊர் பேரு சொல்ல மாட்டேன், ஒரு பெரிய கோயில். என் சாம்பார் சாதத்தை ஒரு அண்டா தின்னுட்டு யானைக்கு நெஞ்செரிச்சல்."

"அப்போ உம்ம சாம்பார்னாலதான் வந்ததுன்னு ஒத்துக்கிடுதீரு," அப்படின்னாரு நயினார், டக்குனு.

"எங்க ஒத்துக்கிட்டேன்? அது தின்னுட்டு ஒடனே படுத்துட்டு. யானைப் பாகனும் பக்கத்துலயே படுத்துட்டான். அதான் காரணம். எந்திரிச்சு வந்து தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுது, வந்தவன் குடுமியெல்லாம் பொசுங்குது. அர்ச்சகர்மாரெல்லாம் மொட்டைத் தலையோட நிக்காங்க. என்னைக் கூப்பிட்டாங்க. தெப்பக்குளத்துத் தண்ணியை எறைச்சுட்டு மோரை நெரப்பச் சொன்னேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, தோணியில போய்த் துடுப்பு வலிச்சுக் கலக்குனேன். யானை எறங்கி மொத்தத்தையும் குடிச்சுட்டு. குடிச்சதும் பாகன்ட்ட சொன்னேன், 'இனிமே சாப்பிட்டதும் படுக்கவிடாத, கொஞ்ச தூரம் நடக்கவிடு'ன்னு. நடந்துச்சு. நடக்க நடக்க அதுக்குச் சொகமா இருந்துச்சு. நிக்கவே இல்ல. மலையைத் தாண்டி மலையாளத்துக்குப் போயிட்டு. இப்போ அங்கதான் ஒரு கோயில்ல இருக்கு. நம்ம ஊர்க்காரன் யாராவது போனா, 'குத்தாலிங்கம் சொகமா?'ங்கிற மாதிரி ஒரு பார்வை பாக்குமாம்."

இந்தக் கதையை எந்தப் பக்கத்துலேருந்து புடிக்கன்னு முப்பிடாதி விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தான்.

நயினார்தான் பேசுனாரு. சாந்தமாத்தான் பேசுனாரு. "குத்தாலிங்கம், போன வருசம் நான் பூக்குழி எறங்குனேன். காலு சுடல. நெஞ்சுதான் சுட்டுச்சு. எங்க வீட்டுல அழுது ஊரைக் கூட்டிட்டா. நெஞ்சு வலின்னு பயந்து என்னைக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. டாக்டர் எல்லாம் பாத்துட்டு, நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, என்னத்தைத் தின்னீருன்னு கேட்டாரு. சாமியாடி சாம்பாரு தின்னுட்டு வந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுவே. அம்மனே மோர் கேட்டாளேன்னு இப்பவும் எளவட்டங்க என்னைப் பாத்துச் சிரிக்கானுவ."

அதுல உள்ள வேதனை எனக்கே பட்டுச்சு. வேற ஆளா இருந்தா அங்கன எறங்கி வந்திருப்பான். அண்ணாச்சி கும்பிட்டாரு.

"நயினாரே, அதுக்குத்தான் நான் பெருமைப்படுதேன். அம்மன் மோர் கேட்டான்னா என்ன அர்த்தம்? என் சாம்பாரை அவ தின்னுருக்கா! எந்தத் தவசுப்பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் கெடைக்கும்? அம்மன் வாயில பட்ட கைப்பக்குவம் இது. அதுல ஒரு வத்தலைக் கொறைச்சா தெய்வக் குத்தம்லா?"

முப்பிடாதி தலையில அடிச்சுக்கிட்டான். ஆனா கமிட்டியில ரெண்டு மூணு பேரு ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. தெய்வக் குத்தம்னு ஒரு வார்த்தை விழுந்துட்டா எங்க ஊர்ல யாரும் அதுக்கு மேல வாதாட மாட்டாங்க. ஆளு ஜெயிச்சுட்டாருன்னுதான் நானும் நெனச்சேன்.

நயினார் கொஞ்சம் யோசிச்சாரு. "சரி. தெய்வக் குத்தம் வேண்டாம். வத்தல் கொறைய வேண்டாம். சமையல் உமக்குத்தான்."

"அம்மன் தொணை," அப்படின்னு அண்ணாச்சி துண்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு.

"இரும். ஒண்ணே ஒண்ணு. மொதப் பந்தியில மொத எலை உமக்கு. எல்லாரும் பாக்க உக்காந்து, சாம்பார் ரெண்டு மட்டம், மறுதடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடணும். நீரு எந்திரிச்ச பொறவுதான் ஊரு உக்காரும்."

இதை வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னாத்தான் விளங்கும். தவசுப்பிள்ளைமாரு தாங்க சமைச்சதைத் தாங்க சாப்பிடுறது வழக்கம் இல்ல. புகையிலயும் வாசத்திலயும் நின்னே வயிறு நெறஞ்சுபோகும்னு சொல்லுவாங்க. அண்ணாச்சியும் அப்படித்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் வீட்டுலேருந்து தூக்குச்சட்டியில தயிர்சாதம் வந்துரும். இத்தனை வருசத்துல அவர் அவரோட சாம்பாரைத் தின்னு யாரும் பாத்ததில்ல.

எந்திரிச்சவரு அப்படியே நின்னாரு. கூரையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. நான் கீழ பாத்துக்கிட்டேன். துண்டால மூஞ்சியைத் தொடச்சுட்டு மறுபடி உக்காந்தாரு.

"ரெண்டு மட்டமா?"

"ரெண்டு மட்டம். மேல ரசம்."

பொறவு தொண்டையைச் செருமிக்கிட்டு, வேற யாரோ வைத்தியம் சொல்லுத மாதிரி மெதுவாச் சொன்னாரு.

"நயினாரே, வத்தல் போன வருசம் போட்டதுல பாதி போதும்."

"பாதியா?"

"கால்வாசின்னாலும் ருசி ஒண்ணும் கெட்டுப்போகாது."

நயினார் ஜமுக்காளத்தை உதறிக்கிட்டு எந்திரிச்சாரு. "இதைத்தான்வே காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம்."