சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்

முதலில் கை ஓங்கியது சூப்பர்வைசர் ஜெயசீலன்தான். மில் தொழிலாளி மாசாணத்தின் வலது கையை இரும்புக் கம்பியால் அடித்து முறித்தான்.

விசாரணையில் ஜெயசீலனைப் பக்கத்தில் நிறுத்தி, கம்பியை மேசையில் வைத்துக்கொண்டு மேனேஜர் மாசாணத்திடம் சொன்னார்: "இது அசால்ட் இல்லப்பா, சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். ஒத்துக்கோ. இல்லேன்னா வேலை கிடையாது."

"அசால்ட்டுன்னா என்னங்கய்யா?"

"அடிதடி. போலீஸ் வரும்."

"மத்ததுக்கு?"

"யாரும் வரமாட்டாங்க."

மாசாணம் இடது கையால் கம்பியை எடுத்தான். "அப்போ நானும் சூப்பர்வைசரய்யாகூட ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் வச்சுக்கிறேன்."

"ஐயோ, அசால்ட்! அசால்ட்!" என்று அலறி, ஜெயசீலன் மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தான். வாசலில் கூடியிருந்த தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் அது கேட்டது.

மாசாணம் கம்பியைக் கீழே வைத்தான். "சரியான வார்த்தையை அவரே சொல்லிட்டாருங்கய்யா."

மாசாணத்தின் வேலை பிழைத்தது. முறிந்த கை கூடவில்லை. மன்னிப்புக் கேட்க மட்டும் ஜெயசீலனுக்கு இன்றுவரை எந்தப் பாஷையிலும் வார்த்தை வரவில்லை.