நாரை வைத்தியரும் வராத நோயாளிகளும்

காட்டுக் குளக்கரையில் நாரை ஒரு வைத்தியசாலை நடத்தியது. சுற்றிலும் முள்வேலி. நோயாளிக் குட்டிகள் வேலிக்கு உள்ளே, தாய்கள் வெளியே. அதுதான் சட்டம். எந்தப் புத்திசாலி போட்டதோ!

ஒரு தாய்முயல் தன் குட்டி மொச்சையோடு அங்கே நடையாய் நடந்தது. மொச்சையின் காதுக்குள் பசைபோல நீர் கட்டியிருந்தது. காது அத்தனை நீளம், கேட்பதோ அரைகுறை. முந்தாநாள் “நரி! ஓடு!” என்று தாய் கத்தியபோதும் அது அருகம்புல்லை மென்றுகொண்டிருந்தது. தாய் பாய்ந்து தள்ளியதால் பிழைத்தது. அடுத்த தடவை?

பாறைமேல் நின்று ஆள்காட்டிக் குருவி பெயர் கூப்பிட்டது.

“மொச்சை! மொச்சை! ஆள் இல்லை. அடுத்தது!”

“அட, உன் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கிறானே!” என்று வெளியிலிருந்து தாய்முயல் அலறியது.

“கூப்பிட்டால் எழுந்து வரணும், அம்மா!”

“காது கேட்டால்தானே வருவான்! கேட்கவில்லை என்றுதானே கூட்டி வந்திருக்கிறேன்!”

“சத்தம் போடாதே! இது வைத்தியசாலை!”

நேற்றும் இதே கூத்துதான்.

நாரை வந்து சோம்பல் முறித்தது. “இன்றும் காது நோய்க்கு ஒருத்தரும் வரவில்லையா? பார்த்தாயா, நம் கைராசி! காட்டில் காது நோயே ஒழிந்துவிட்டது!”

“ஆமாம் ஐயா!” என்றது குருவி.

தாய்முயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னங்காலில் எழுந்து, தொண்டை கிழியக் கத்தியது.

“நரி! நரி!”

குருவி பறந்தது. நாரை நடுக்குளத்தில் போய் நின்றது. கால் சுளுக்கிய மான்குட்டிகூட நொண்ட மறந்து ஓடியது. தாய்கள் வேலியைத் தாண்டி உள்ளே பாய்ந்தன.

மொச்சை அசையவில்லை. பக்கத்தில் கீரிக்குட்டி அசையவில்லை. முள்ளம்பன்றிக் குட்டி கொட்டாவி விட்டது.

“நரியும் இல்லை, ஒன்றும் இல்லை! கரைக்கு வாரும், வைத்தியரே! ஓடாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள்தான் உம்மிடம் வராத நோயாளிகள். நிஜ நரி வந்திருந்தால்?” என்று கேட்டது தாய்முயல்.

நாரை தலையைத் தொங்கப்போட்டுக் கரையேறியது. இறகால் மொச்சையின் முதுகைத் தொட்டது. மொச்சை உடனே எழுந்தது. இவ்வளவுதான் வேலை!

கட்டிய நீர் வடிய, காதில் மெல்லிய புல்குழாய் வைத்தது நாரை. “மொச்சை! கேட்கிறதா?” என்று பழக்கதோஷத்தில் தாய் கத்தியது. மொச்சை கண்ணைச் சிமிட்டித் தாயைப் பார்த்தது.

“ஏம்மா இப்படிக் கத்துகிறாய்?”

அன்றே நாரையும் தாய்களும் சேர்ந்து வேலியைப் பிடுங்கின. இப்போது ஆள்காட்டிக் குருவி பாறையை விட்டு இறங்கி, குட்டிகளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறது.

நோயாளி நம் வழிக்கு வரவில்லை என்று குறை சொல்லாமல், நோய்க்குத் தக்கபடி நம் வழியை மாற்றிக்கொள்வதே வைத்தியம்.