எக்ஸ் எவ்வளவுப்பா?

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு ரெனிட்டா. கடலோரத்து ஊர். ஏழாவது படிச்சா. அவ அப்பா செலஸ்டின் சரக்குக் கப்பல்ல வேலை பாத்தாரு. கப்பல் துறைமுகத்துக்கு வந்தாத்தான் போன் எடுக்கும். நீ ம் கொட்டிக்கிட்டே கேளு... ஆங்.

ஒரு நாள் சாயங்காலம் ட்ரிங் ட்ரிங்னு போன் வந்துச்சு. அப்பா சாப்டியான்னு கேட்டாரு, படிச்சியான்னு கேட்டாரு. அப்புறம் பேச ஒண்ணுமில்ல. "வச்சிடவாம்மா?"ன்னாரு. அப்போ இவ சட்டுனு, "அப்பா, வீட்டுக்கணக்கு ஒண்ணு வரல. எக்ஸ் கூட்டல் ஏழு, பன்னெண்டு. எக்ஸ் எவ்வளவுப்பா?"ன்னா.

"ஏழை அந்தப் பக்கம் கொண்டு போ. கூட்டல் கழித்தலாயிடும். பன்னெண்டுல ஏழு போனா?"

"அஞ்சு."

அவளுக்கு அது முன்னாடியே தெரியும். இருந்தாலும் அஞ்சு நிமிஷம் கூடக் கிடைச்சுதே.

அப்புறம் இருபது நாள் கழிச்சு மறுபடி போன். பின்னாடி கப்பல் தட தட தடன்னு சத்தம். "மூணு எக்ஸ் கழித்தல் நாலு, பதினாலுப்பா. வரல"ன்னா. அப்பா தூக்கக் கலக்கத்துல, "பதினாலுல நாலைக் கழி, பத்து"ன்னுட்டாரு.

"இல்லப்பா, கழித்தல் அந்தப் பக்கம் போனா கூட்டல். பதினெட்டு. மூணால வகுத்தா ஆறு."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"அப்ப இத்தனை நாளும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னா போனை வச்சிடுவீங்கல்ல."

"சரி, அடுத்த கணக்கைச் சொல்லு. தெரியாத மாதிரியே கேளு"ன்னாரு.

ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

மூணாவது தடவை அப்பாவே கணக்குக் கொடுத்தாரு. "ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு, பதினொண்ணு." இவ சர சரன்னு போட்டா. பதினொண்ணுல மூணு போனா எட்டு. ரெண்டால வகுத்தா நாலு.

"நாலு என்னதுப்பா?"

"மாசம்மா. இந்த மாசம் வீட்டுக்கு வர முடியல. எனக்குப் பதிலா கப்பலுக்கு வர வேண்டியவருக்கு உடம்பு சரியில்ல."

"தப்பாப் போட்டுட்டேன் போலப்பா, இருங்க"ன்னு மறுபடி போட்டா. நாலு. இன்னொரு தடவை போட்டா. அப்பவும் நாலுதான்.

"சரியாத்தான்மா போட்டிருக்க"ன்னாரு அப்பா. சரின்னு அவர் சொன்னது அன்னிக்கு மட்டும் அவளுக்குப் பிடிக்கல.

வந்தாரான்னா கேக்குற? வந்தாரு. வந்த அன்னிக்கு, ஒரு பக்கம் முழுக்கப் போடாம வச்சிருந்த கணக்கை எடுத்துக்கிட்டு வந்து அவர் மடியில சாஞ்சா. அப்பாவும் அவசரப்படல. முதல் கணக்குக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

கதை கரைக்கு வந்தாச்சு. கண்ணை மூடு தங்கம்.