தளவாய் வீட்டு மிச்சம்

கோவில்பட்டியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிவந்த தளவாய்க்கும் அவர் மனைவி செண்பகவல்லிக்கும் கல்யாணமான புதிதில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. டிசம்பர் கடைசி நாளன்று உட்கார்ந்து அந்த வருஷத்து வரவு செலவைப் பார்க்க வேண்டும். துண்டு விழுந்தால், யாரால் விழுந்ததோ அவர் பொங்கலுக்குப் புதுத் துணி எடுக்கக் கூடாது. மிச்சம் இருந்தால், யாரால் மிஞ்சியதோ அவர் அதைத் தம் இஷ்டப்படி செலவழித்துக்கொள்ளலாம்; மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஒன்பது வருஷமாகத் துண்டுதான் விழுந்தது. இருவரும் மாறி மாறிப் பழைய துணியில் பொங்கல் வைத்தார்கள். மிச்சத்தைப் பற்றியும் ஏதோ பேசிக்கொண்டோம் என்பதே செண்பகவல்லிக்கு மறந்துபோயிருந்தது.

பத்தாவது வருஷம், மதியச் சாப்பாடு முடிந்து கணக்கைக் கூட்டியபோது பத்தாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. தளவாய் நம்பாமல் மறுபடி கூட்டினார். செண்பகவல்லி அவரை நம்பாமல் தானும் ஒரு தடவை கூட்டினாள். மிச்சம் அசையவில்லை.

மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்ததில் காரணம் விளங்கிவிட்டது. மற்ற மாதங்களெல்லாம் வழக்கம்போல இழுபறி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மட்டும் அரிசி, எண்ணெய், உளுந்து எல்லாம் பாதியாக இறங்கியிருந்தன. அந்த நான்கு மாதமும் வீட்டில் ஆவுடையப்பன் இல்லை.

ஆவுடையப்பன் செண்பகவல்லியின் தம்பி. செல்போன் கடையில் பார்த்த வேலை போனதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தான். நல்ல பிள்ளை, சாப்பாட்டில்தான் அளவு தெரியாது. அப்படித்தான் ஒருநாள் சாயங்காலம், அரைத்த மாவு முழுவதும் தோசையாகி உள்ளே போன பிறகு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். தனக்கென்று ஒன்றுகூட இல்லாமல் அடுப்படியில் நின்ற செண்பகவல்லி, "தோசைக்கல்லே ஓஞ்சு போச்சு. உன் வாய் ஓயலையாடா?" என்றாள். அவன் கை கழுவினான், பையை எடுத்தான், சாத்தூரில் தையல் கடை வைத்திருந்த சிநேகிதன் ராஜாமணியின் அறைக்குப் போய்விட்டான். ராஜாமணி தனிக்கட்டை. ஏன் வந்தாய் என்று கேட்காமல் சோறு போட்டான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆவுடையப்பன் தானாகவே திரும்பி, பொரிகடலை வாங்கியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். போனதைப் பற்றி அவனும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

இப்போது, கூடத்தில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். ஒப்பந்தம் அவனுக்கும் தெரியும். 'யாரால்' என்றுதானே அதில் இருக்கிறது, சாப்பிடாமல் இருந்தவன் நான்தானே, ஆகவே பணம் எனக்குத்தான் சேரும் என்றான். செல்போன் ரிப்பேர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க அது சரியாக இருக்கும் என்றும் பணிவாகச் சொன்னான்.

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. கன்னியாகுமரிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்காத வருஷம் கிடையாது. அவனாக ஒன்றும் போய்விடவில்லை, தான் சொன்ன ஒரு சொல்தான் அவனைக் கிளப்பியது, மிச்சம் தன்னால் வந்தது என்றாள். அந்தச் சொல்லுக்காக நான்கு மாதமும் தான் அழுததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் வழக்கு பலவீனப்பட்டுவிடும்.

தளவாய் தொண்டையைச் செருமினார். அவருடைய மொபெட்டுக்கு இன்ஜின் வேலை பாக்கி இருந்தது.

"வல்லி, ஒரு வாரத்துலயே நீ மனசு மாறி, போய்க் கூட்டிட்டு வாங்கன்னு என்னை அனுப்பினியே. நான் கூட்டிட்டு வந்திருந்தா இந்த மிச்சம் ஏது?"

"நீங்க போகத்தான் செஞ்சீங்க. அவன்தான் வர மாட்டேன்னுட்டான்."

"நான் போகவே இல்லை," என்றார் தளவாய்.

சாத்தூருக்கு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பிய மனிதர், உள்ளூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் பேப்பர் படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உன் தம்பி பிடியே கொடுக்கவில்லை என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார். ஆவுடையப்பன் அத்தானையே பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது கூப்பிட வருவார்கள் என்று பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்ததை மெல்லிய குரலில் சொன்னான். தம்பி தன்னை அடியோடு வெறுத்துவிட்டான் என்றே அந்த நான்கு மாதமும் நினைத்திருந்த செண்பகவல்லிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் கொடுத்த பஸ் காசு?"

"பரோட்டா," என்றார் தளவாய்.

ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. செய்தது தப்புதான், திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளலாம். ஆனால் மிச்சம் நல்லவருக்கு என்று பேச்சில்லை, யாரால் மிஞ்சியதோ அவருக்கு என்றுதான் பேச்சு என்று அடித்துச் சொன்னார்.

சாப்பிடாமல் போனவன் தம்பி. போகச் செய்தவள் அக்கா. திரும்பி வராமல் பார்த்துக்கொண்டவர் அத்தான். வாசகரே, இவர்களில் யார் பேச்சு நியாயம்? அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை. ஆவுடையப்பன் நான்கு மாதம் பட்டினி கிடக்கவில்லை. கோவில்பட்டியில் சாப்பிட வேண்டியதைச் சாத்தூரில் சாப்பிட்டான். இங்கே மிஞ்சியதெல்லாம் அங்கே ராஜாமணியின் தலையில் செலவாக விழுந்தது. ஆகவே பணம் ராஜாமணிக்குத்தான். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் செண்பகவல்லி. கன்னியாகுமரி கைநழுவிப் போன வருத்தத்தைவிட, மொபெட்டுக்குப் போகவில்லை என்ற நிம்மதி அவளுக்குப் பெரிதாக இருந்தது. புது வருஷத்தன்று மூவரும் பஸ் ஏறினார்கள். ராஜாமணி எப்படியும் வேண்டாம் என்று மறுப்பான், பாதியையாவது திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று தளவாய் வழியெல்லாம் நம்பிக்கொண்டே வந்தார். ராஜாமணி மறுக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பணத்தை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினான்.

"இன்னும் அறுநூறு வரணுமே, அண்ணாச்சி," என்றான்.