ஆவுடையப்பன் மாட்டிய புதுக் கம்ப்ரசர்

தூத்துக்குடியில் என்னுடன் பணியாற்றிய ஆசிரியை அமலோற்பவம்தான் இதை எனக்கு முதலில் சொன்னவர்.

பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிவந்த செண்பகவல்லி, வளையல்களை அடகு வைத்து அதன் ஏ.சி.யைப் பழுதுபார்க்கப் பணம் கட்டினாள்.

"புத்தம்புதுக் கம்ப்ரசர், தாயி! பழசு காயலான் கடைக்குப் போயாச்சு" என்று மீசையை முறுக்கினார் பட்டறை முதலாளி ஆவுடையப்பன்.

செண்பகவல்லி பானெட்டைத் திறந்தாள். கம்ப்ரசரின் மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன.

"அண்ணாச்சி, பொட்டெல்லாம் வச்சு மாட்டியிருக்கீகளே!"

"பூசை போடாம எதையும் மாட்ட மாட்டோம். நம்ம பட்டறை வழக்கம்!" என்று வாடிக்கையாளர் அனைவரும் கேட்கும்படி அவர் முழங்கினார்.

"நல்ல வழக்கம். போன ஆயுத பூசைக்கு நானும் இதே இடத்துலதான் பொட்டு வச்சேன். அது மேல இருக்கிற எட்டு மாசத் தூசியையும் நீங்களேதான் வச்சீகளா, அண்ணாச்சி?"

பட்டறையே குலுங்கிச் சிரித்தது. ஏ.சி.க்கு வாயு நிரப்பிய கூலியை மட்டும் கழித்துக்கொண்டு ஆவுடையப்பன் எண்ணித் திருப்பிக் கொடுத்தது, இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.