ஓட்டையை அடைத்தவனும் ஓடத்தைச் சோதித்தவரும்

முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றின் தென்கரை நாட்டைக் கோச்சேந்தன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். பொறுமை அறியாதவன்; அமர்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான். வடகரையில் தாய்வீடு சென்றிருந்த அரசி ஆண்மகவு ஈன்றாள் என்ற செய்தி வந்ததும், பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓடத்தை அவசரப்படுத்தி வாங்கி ஏறினான். நடு ஆற்றில் ஓட்டையின் அடைப்பு பிளந்தது. மகன் முகம் காணாமலே நனைந்து திரும்பினான்.

ஈர உடையோடு அவையில் உலாவினான். "யார் பிழை?"

"அடைப்பது என் வேலை, மகாராஜா. சோதிப்பது அவர் வேலை" என்றான் ஓடத் தச்சன் சாத்தப்பன்.

சோதனை அதிகாரி குழைக்காதருக்கு அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகவே கண். பட்டுத் தலைப்பாகையை நிமிர்த்திக்கொண்டார். "அடைத்தவனே பார்க்காததை நான் ஏன் பார்க்கவேண்டும்? இவனை வேலைக்கு வைத்தவர் நம் அமைச்சர்தாமே!"

"இருவரில் ஒருவன் நாட்டை விட்டு ஓடட்டும். யாரென்று நீரே சொல்லும்!" என்று அமைச்சர் பெருந்தேவனாரிடம் சீறினான் மன்னன்.

"சொல்கிறேன், மன்னா. ஓடத்தை மீண்டும் செப்பனிடட்டும். முதலில் இவ்விருவருமே அக்கரை சென்று திரும்பட்டும். நீர் இறைக்கும் சட்டி மட்டும் கரையில் இருக்கட்டும்."

"ஐயோ, எனக்கு நீந்தத் தெரியாதே!" என்றார் குழைக்காதர்.

"அப்படியானால் நன்றாகவே சோதிப்பீர்."

சாத்தப்பன் பஞ்சும் குங்கிலியமும் திணித்து அடைத்தான். என்றும் இல்லாத வழக்கமாக, கரையிலேயே ஓடத்துக்குள் நீர் நிரப்பி, அடைப்பு கசிகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தான். அடைப்பு கசியவில்லை. நீரை வடித்ததும் குழைக்காதரோ அடைப்பை மட்டும் பார்த்து நிறைவுறாமல், பலகை பலகையாகத் தவழ்ந்தார்.

"அடப்பாவி! நீ சுத்தியலால் அடித்த அடியில் பக்கத்துப் பலகை இளகிவிட்டதே!"

"நல்லவேளை கண்டீர், ஐயா! அந்தத் துணியைக் கொடும், ஈரத்தைத் துடைக்கிறேன்."

தலைப்பாகையே துடைக்கும் துணியாயிற்று. இளகிய இடமும் இறுகியது.

"போதும், நான் ஏறுகிறேன்!" என்று பாய்ந்தான் மன்னன். பெருந்தேவனார் குறுக்கே நின்றார்.

"அடைத்தவன் தன் அடைப்பைச் சோதித்தான். அதிகாரி அந்த அடைப்பால் வேறெது கெட்டதென்று சோதித்தார். அன்று இருவருக்கும் அதற்கு நேரம் தராதவர் தாங்கள். காத்திருப்பதே தங்கள் பங்கு."

மன்னன் தலைகுனிந்து மணலில் அமர்ந்தான். இருவரும் அக்கரை சென்றுவந்த ஓடம் உள்ளே உலர்ந்தே திரும்பியது. அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது, தச்சனுக்குப் பட்டாடை கிடைத்தது, குழைக்காதருக்குப் புதிய தலைப்பாகையோடு ஓர் ஆணையும் கிடைத்தது: "செப்பனிட்ட ஓடத்தில் முதலில் ஏறுபவர் நீரே, தச்சனோடு!"

அன்பர்களே, அடுத்தவர் பார்ப்பார் என்று எதையும் கைமாற்றாதீர்கள். அன்று மாலை மன்னன் அதே ஓடத்தில் அழைத்துவர, அரசியின் மடியில் உறங்கியபடி ஆற்றைக் கடந்த குழந்தையின்மேல் ஒரு துளி நீரும் படவில்லை.