பன்றித்துறை அடைபட்ட பருவம்

வரகி என்ற எலிக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. ஓடும், முகரும், திரும்ப ஓடும். அது இருந்தது ஒரு காட்டோடையின் வடகரையில், மேட்டு நிலத்தில். அந்த மேட்டில் எலிகள் வரகு விளைவித்து, மேல், நடு, கீழ் என மூன்று வளைகளில் சேர்த்து வைத்தன. சேமிப்பு வளைகளுக்குக் காவல் வரகிதான்.

தென்கரையில் மூங்கில் காடு. அங்கே காட்டுப்பன்றிகள் வாழ்ந்தன. நடுவில் ஓடை ஆழம் குறைந்து, ஒரு தட்டைப் பாறையைச் சுற்றி ஓடும். அந்த இடத்துக்குப் பன்றித்துறை என்று பெயர்.

ஆண்டுதோறும் ஆடியில் முதல் மழை விழுந்ததும் பன்றிகள் துறையைக் கடந்து வரும். கோரைக்கிழங்கு தேடி மேட்டு நிலம் முழுவதையும் மூக்கால் கிளறித் தின்னும். அவை போன பிறகு எலிகள் வரகைத் தூவும். கோடையில் மூங்கில் காட்டில் இரை வற்றிப்போகும். அப்போது எலிகள் கீழ்வளையைத் திறந்து பன்றிகளுக்கு வரகு கொடுக்கும். எத்தனையோ காலமாக இப்படித்தான். "பன்றிக் கூட்டம் தின்ன வந்துடுச்சு!" என்று எலிகள் சிரிக்கும். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

ஒரு பங்குனியில் காட்டுக்குள் நோய் வந்தது. முதலில் தும்மல். பிறகு மூச்சு முட்டும். சில விலங்குகள் மூன்றாம் நாள் எழுந்து நடந்தன. சில எழவில்லை. முயல்களில் பாதி போயிற்று. வரகியின் தங்கையும் போயிற்று.

மேட்டுத் தலைவர் கட்டையன் என்ற பெருச்சாளி கூட்டம் போட்டது. எல்லாரும் ஒருவரையொருவர் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார்கள். வரகி மட்டும் உட்காரவில்லை.

"துறையை அடைச்சுடணும்! அக்கரையிலிருந்து யாரும் வரக் கூடாது!" என்றது.

"சரி. ஆனா கோடை வரகு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு மணிகூடப் போகக் கூடாது! இந்த நோய் எத்தனை நாள் இருக்குமோ! நமக்கே வேணும்!" என்றது வரகி.

எலிகள் வாலால் தரையைத் தட்டின. கட்டையன் தலையாட்டியது. ஓடைக்கரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி காவலுக்கு ஒப்புக்கொண்டது. அதற்கும் நோய் என்றால் நடுக்கம்.

வைகாசியில் அக்கரையில் ஒரு பெண்பன்றி வந்து நின்றது. அதன் பெயர் செம்பி.

"மேட்டுக்காரங்களே! குட்டிகளுக்குப் பால் இல்லை. வருஷா வருஷம் கொடுக்கிற வரகுதானே? பாறையில போட்டுட்டுப் போங்க. நாங்க கிட்ட வரலை!"

"யாரது? யாரது? போ! போ!" என்று ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

வரகிக்கு அந்தக் குரல் வளைக்குள் கேட்டது. அது மண்ணை அள்ளி வளை வாயில் திணித்தது. பிறகும் கேட்டது. இன்னும் கொஞ்சம் மண் திணித்தது.

ஆடி பிறந்தது. மழை விழுந்தது. ஒரே இரவு, நல்ல மழை. வரகி விடியுமுன் மேட்டுக்கு ஓடியது. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. இந்த விளைச்சலை நம்பித்தான் அவை வளர வேண்டும்.

நிலமெங்கும் கோரை பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. வரகி நகத்தால் கீறியது. மேலே ஈரம், அடியில் வேர்ப்பின்னல், அதற்குக் கீழே கட்டாந்தரை. விதை விழுந்தாலும் உள்ளே போக வழியில்லை.

"எல்லாரும் வாங்க! தோண்டுங்க!"

ஐம்பது எலிகள் தோண்டின. சாயங்காலம் பார்த்தபோது ஒரு பலாமரத்து நிழல் அளவுக்கு மண் பொலபொலத்திருந்தது. மூன்று எலிகளுக்கு நகம் பெயர்ந்துவிட்டது.

"இந்தச் சனியன் பிடிச்ச கோரை இந்த வருஷம் எங்கிருந்து வந்தது?" என்றது ஓர் எலி.

"எல்லா வருஷமும் இருந்ததுதான். பன்றி தின்னுட்டுப் போயிடும்," என்றது இன்னொன்று, நகத்தை நக்கிக்கொண்டே.

வரகி ஓட்டத்தை நிறுத்தியது. பிறகு நேராகக் கட்டையனிடம் பாய்ந்தது.

"ஐயா, பன்றிங்க தின்ன வரலை. உழ வந்திருக்குங்க. இத்தனை காலமும்! அதுங்களைக் கூப்பிடணும். ஈரம் இன்னும் மூணு நாள்தான் நிற்கும்!"

"அடைக்கச் சொன்னதே நீதானே?"

"நான்தான். இப்ப திறக்கச் சொல்றேன்."

"உனக்கு நிலைகொள்ளாத புத்தி! வளை நிறைய வரகு கிடக்கு. ஒரு வருஷம் விதைக்காட்டி என்ன? உட்கார்ந்து தின்போம்!"

நிறைய என்ற சொல் வரகியை உறுத்தியது. அது கீழ்வளைக்குள் இறங்கியது. கோடைதோறும் பன்றிகளுக்காகக் காலியாகி, காற்று வாங்கும் வளை அது. இந்த முறை திறக்கவே இல்லை. பாதி வழியிலேயே சூடு மூக்கில் அடித்தது. வரகு கட்டி கட்டியாகக் கறுத்து ஒட்டிக் கிடந்தது. ஒரு கட்டியைக் கவ்வி இழுத்துவந்து கட்டையனின் மூக்கடியில் போட்டது.

"முகர்ந்து பாருங்க!"

கட்டையன் முகர்ந்தது. "ஹச்!" என்று தும்மியது. சுற்றி நின்ற எலிகள் எல்லாம் பின்னால் பாய்ந்தன.

"ஐயோ! தலைவருக்கு வந்துடுச்சு!"

"நோய் இல்லடா! பூசணம்! பூசணம்!" என்று கட்டையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கத்தியது. பிறகு குரலைத் தாழ்த்தியது. "எவ்வளவு போச்சு?"

"கீழ்வளை முழுக்க. நடுவளையிலும் சூடு ஏறுது. மேல்வளை நல்லா இருக்கு. அதைப் பன்றிகளுக்குக் கொடுக்கணும்."

"நல்லதையா? கெட்டதைக் கொடுத்தால் என்ன?"

"கெட்டதைத் தின்னுட்டுப் படுக்கிற பன்றி எப்படி ஐயா உழும்?"

கட்டையன் அந்தக் கறுத்த கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. "போய்க் கூப்பிடு," என்றது.

மறுநாள் காலை வரகி துறைக்குப் போயிற்று. ஆள்காட்டி கத்தக் கத்தத் தண்ணீர் விளிம்புவரை போய், அங்கே நின்றது. அக்கரையில் செம்பி படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டு குட்டிகள். கோடைக்கு முன் ஐந்து இருந்தன.

"என்ன எலியம்மா, வழி மறந்துபோச்சா?"

"அக்கா, உழவுக்கு வரணும்."

"உழவா!" செம்பி உறுமியது. "நாங்க தின்ன வர்ற கூட்டம் இல்லையா?"

"அப்படித்தான் நினைச்சோம். தப்பா நினைச்சோம். துறையை அடைக்கச் சொன்னதும் நான்தான்."

செம்பி குட்டிகளின் பக்கம் திரும்பி அவற்றை மூக்கால் வருடிக்கொண்டிருந்தது. வரகியின் வால் தரையில் துடித்துக்கொண்டே இருந்தது. மேற்கே மேகம் கலைந்து வெயில் ஏறியது. ஈரம் குறைந்துகொண்டிருந்தது.

"வைகாசியில கூப்பிட்டேனே. கேட்டதா உனக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா?"

செம்பி எழப் பார்த்து மறுபடி படுத்துவிட்டது.

"நிற்கவே காலில் வலு இல்லை. எதை வெச்சு உழுறது?" என்றது செம்பி.

"முதல்ல சாப்பிடுங்க. இன்னிக்கு வரகு, நாளைக்கு உழவு. நாங்க பாறையில கதிரை வெச்சுட்டு வளைக்குப் போயிடுவோம். அப்புறம் நீங்க வாங்க. நீங்க மேட்டில் இருக்கும்போது நாங்க வெளியே வர மாட்டோம். நீங்க போன பிறகு விதைப்போம். மூச்சும் மூச்சும் உரச வேண்டாம்."

"யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு எப்படித் தெரியும்?"

இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தன.

"நானா?" என்றது ஆள்காட்டி. "எனக்குத் துரத்தத்தான் தெரியும்!"

"அதையே செய். எங்களை ஒரு கத்தலில் துரத்து, அவங்களை இரண்டு கத்தலில் துரத்து," என்றது வரகி.

அன்று உச்சி வெயிலில் மேல்வளைக் கதிர்கள் பாறைக்குப் போயின. ஒரு கத்தல்; எலிகள் மறைந்தன. பன்றிகள் வந்து தின்றன. செம்பி தன் பங்கைக் குட்டிகளின் பக்கம் தள்ளியது.

மறுநாள் பன்றிகள் தள்ளாடிக்கொண்டே மேடேறின. கிளறின, ஓய்ந்தன, கிளறின. வளைக்குள் வரகி நிலை கொள்ளாமல் சுற்றியது. தலைக்கு மேல் மண் அதிரும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றால் அதுவும் நின்று காதைத் தீட்டிக்கொள்ளும். இரண்டு கத்தல் கேட்டதும் எலிகள் வெளியே பாய்ந்து விதைத்தன. மூன்றாம் நாள் மதியத்தோடு ஈரம் போய்விட்டது. பாதி மேடுதான் உழுதிருந்தது.

அந்த வாரம் இரண்டு எலிகள் தும்மின. அவற்றைத் தனி வளையில் வைத்தார்கள். வாசலில் தினமும் கதிர் போட்டார்கள். இரண்டும் பிழைத்தன.

மார்கழியில் மேட்டின் ஒரு பாதியில் வரகு தலை சாய்ந்து நின்றது. மறுபாதியில் கோரை காற்றில் ஆடியது. எல்லாரும் வயிறு நிறையத் தின்னப் போதாது. எல்லாரும் பட்டினி கிடக்காமல் இருக்கப் போதும். கட்டையன் மேட்டில் நின்று இரண்டு பாதிகளையும் பார்த்தது. பிறகு இறங்கிப் போயிற்று.

வரகியின் குட்டிகள் வளைக்குள் கீச்சிட்டன. வரகி வாசலுக்கு வந்து, வைகாசியில் திணித்த மண் ஓரத்தில் இறுகிக் கிடப்பதைக் கண்டது. பல்லால் பெயர்த்துப் பெயர்த்து வெளியே தள்ளியது. துறையில் தண்ணீர் சலசலப்பது உள்ளே வரை கேட்டது.

நோய் வந்தால் தள்ளி நிற்கலாம், ஆனால் அடுத்தவருக்குச் சோறு போகும் வழியை அடைப்பவர், தம் நிலத்துக்கு உழவு வரும் வழியையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறார்.